ஆள் இருக்கு, ஆள் இல்ல

பிரிக்பீல்ட்ஸ்
27 ஜூலை 2025

நஸ்ரின்,

கடிதம் என்றதும் சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டுப் படி. போன், டிவி, லேப்டாப் மூன்றையும் டாக்டர் நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. திரையைப் பார்த்தால் குமட்டுகிறது. போனைக் காதில் வைத்தால் மண்டைக்குள் யாரோ பைப்பைத் திறந்துவிட்ட மாதிரி இரைகிறது. தாளும் பேனாவும் பரவாயில்லை என்று கிளினிக்கில் எனக்குப் பயிற்சி கொடுக்கும் அக்கா சொன்னார். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்தான். அம்மா சமையல் டைமரைத் திருகி மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். அது மணி அடித்தால் பாதி வாக்கியத்திலும் பேனாவை வைத்துவிட வேண்டும். இந்தக் கடிதம் ஆறு நாள் வேலை.

ஏன் தமிழில் என்றால், ஐஸ் ஹாக்கியில் நம் இருவருக்கும் அதுதானே பாஷை. எஸ்.பி.எம். பரீட்சையில் தமிழ் எடுத்தவள் நீ. பிழை கண்டுபிடித்தாலும் வாயை மூடிக்கொண்டு இரு.

நடந்ததை ஒன்றும் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல் வரிசையாக எழுதிப் பார் என்றார் அந்த அக்கா. அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. மால் திறப்பதற்கு முன், காலை எட்டு மணிக்கு அதன் ஐஸ் தளத்தில் ஆட்டம். நம் கல்லூரிப் பெண்கள் கிளப்புக்கும் டாமன்சாரா கல்லூரிக்கும். நீ கோலைக் காக்கும் கோலி, நான் பின்வரிசை. நாம் ஒன்றுக்குப் பூஜ்யம் முன்னால் இருந்தோம், மூன்று நிமிடம் பாக்கி. அவர்கள் பக் என்கிற ரப்பர் வில்லையைத் தூக்கி நம் பக்கம் அடித்தார்கள். அது நம் கோலுக்குப் பின்னால் மூலைக்குப் போனது. எடுக்க நான் போனேன்.

மூலையில் பக்கை எடுப்பவளின் முகம் சுவரைப் பார்த்திருக்கும். முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கோலிதான் அவளுக்குக் கண். நீ “ஆள் இருக்கு” என்று கத்தினால் நான் திரும்பிப் பார்க்காமல் பக்கைச் சுவரோடு அடித்து அனுப்பிவிட்டு, உடம்பைச் சுவரில் ஒட்டிக்கொள்வேன். “ஆள் இல்ல” என்றால் நிதானமாகத் திரும்பி எடுத்துக்கொண்டு போவேன். போன வருடம் அந்த டீம்காரிகள் நம்மைப் போலவே “டைம், டைம்”, அதாவது ஆள் இல்லை, நேரம் இருக்கிறது என்று இங்கிலீஷில் கத்தி என்னை ஏமாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் தமிழுக்கு மாறினோம். இரண்டு டீமிலும் தமிழ் தெரிந்தவர்கள் நாம் இருவர்தான். சரவாக்கிலிருந்து வந்த கோச்சுக்கு ஒரு எழுத்து புரியாது. யோசனை என்னுடையது என்று நான் எவ்வளவு பீற்றிக்கொண்டேன்.

இப்போது கேள்வி. எனக்கு ஞாபகம் இருப்பது இதுதான். நீ “ஆள்” என்று கத்தினாய். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மிச்சம் வரும் என்று காத்திருந்தேன். காத்திருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. கழுத்தை உன் பக்கம் திருப்பினேன். அடுத்தது ஆம்புலன்ஸின் கூரை.

ஆனால் “ஆள் இருக்கு” என்று முழுதாகக் கத்தியதாக நீ கோச்சிடம் சொன்னாயாம். அண்ணன் தனேஷ் சொன்னான். எது சரி? உன் கையால் ஒரு வரி எழுதிவிட்டால் எனக்கு நிம்மதி.

ஏன் ஒரு தடவைகூட வரவில்லை? கிள்ளானிலிருந்து கொமுட்டரில் ஏறினால் ஒரே ரயில்தானே.

தாமரை


கிள்ளான்
6 ஆகஸ்ட் 2025

தாமரைக்கு,

உன் கவரைப் பார்த்துவிட்டு அத்தா, “யாருமா இது, ஸ்கூல் புள்ளயா?” என்று கேட்டார். எழுத்து ஒவ்வொன்றும் பணியாரம் சைஸில் இருக்கிறது. நான் சிரிக்கவில்லை, சத்தியமாக. கவரை வைத்துக்கொண்டு படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வராததற்குக் காரணம் கேட்டாய். வீட்டில் சத்தமே கூடாது என்று உன் அம்மா எல்லாரிடமும் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு மெல்லப் பேசத் தெரியாது, உனக்குத் தெரியும். என்னைக் கோலியாகப் போட்டதே தொண்டையைப் பார்த்துத்தான். அப்புறம் பரீட்சை. அப்புறம் அம்மாவுக்கு முட்டி வலி. இப்படியே நாள் போய்விட்டது. இதெல்லாம் சாக்கு என்று நீ சொல்லுவாய்.

நீ கேட்டதற்கு: “ஆள் இருக்கு” என்றுதான் கத்தினேன். முழுதாகத்தான் கத்தினேன். அடிபட்ட நேரத்தை மூளை சரியாகப் பதிந்து வைக்காது, முன்பின்னாக மாறிப்போகும் என்று கோச் சொல்கிறார். அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உன்மேல் மோதின அந்த டீம் எட்டாம் நம்பர்மேலும் தப்பில்லை. அவளால் நிற்க முடியவில்லை. மறுநாள் நம் பிராக்டிஸுக்கே வந்து அழுதுவிட்டுப் போனாள்.

ஆட்டத்தில் நாம் ஜெயித்தோம். சொன்னார்களா என்று தெரியவில்லை.

இதோடு ஒரு ஜோடி காதடைப்பான் வைத்திருக்கிறேன். அத்தா துறைமுகத்தில் கிரேனுக்குப் பக்கத்தில் நிற்கும்போது போட்டுக்கொள்வது. புதுசுதான், பயப்படாதே. உன் ஃபிளாட்டுக்குக் கீழே அந்தச் சேலைக்கடைக்காரர் இன்னும் நாள் முழுக்கப் பாட்டுப் போடுகிறாரா?

நஸ்ரின்


பிரிக்பீல்ட்ஸ்
20 ஆகஸ்ட் 2025

நஸ்ரின்,

காதடைப்பான் வந்தது. நன்றி. சேலைக்கடையில் அப்பாவே போய்ப் பேசினார். நாற்பது வருடமாகக் கே.டி.எம். ரயில்வேயில் வேலை பார்ப்பவர், ஒருவரிடமும் எதுவும் கேட்காதவர், கடை வாசலில் நின்று, “பொண்ணுக்கு அடிபட்டிருக்கு, கொஞ்சம் கொறச்சிக்கங்க பாஸ்” என்றாராம். அன்றிலிருந்து ஸ்பீக்கரைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டார்கள்.

நீ எழுதியதைப் போன செவ்வாய் டாக்டரிடம் சொன்னேன். நான் பாதியாகக் கேட்டதாக நினைத்தது தவறு, என் ஃபிரெண்டு முழுதாகத்தான் சொன்னாளாம் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே ஃபைலில் எழுதினார். தலைகீழாக இருந்தாலும் என்னால் வாசிக்க முடிந்தது. நடந்தது ஒன்று, நோயாளியின் ஞாபகம் வேறு என்று அர்த்தம் வரும்படி ஒரு வரி. அடுத்த மாதம் ஞாபகத்துக்கென்று தனியாகப் பரிசோதனை இருக்கிறதாம்.

அந்த வரியைப் பார்த்ததிலிருந்து நான் சரியாக இல்லை. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்க்கிறேன். மூன்று தடவையும் அணைத்துத்தான் இருக்கிறது. இருந்தாலும் நாலாவது தடவை போகிறேன். முந்தாநாள் தனேஷ் என் சாவிக்கொத்தை எடுத்து ஃபிரிட்ஜ்மேல் வைத்துவிட்டு, “நீதான் லா அங்க வெச்ச” என்றான். எப்போதும் போலச் சீண்டினான், அவ்வளவுதான். பழைய தாமரையாக இருந்தால் அவன் தலையில் ஒன்று போட்டிருப்பேன். நான், “அப்படியா, சரி” என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டேன். அவன் முகம் வெளுத்துப்போனது. “ஏய், சும்மா சொன்னேன். நான்தான் வெச்சேன்” என்று பின்னாலேயே வந்தான். எனக்கு அவன் சொன்ன இரண்டில் எது உண்மை என்று தெரியவில்லை.

நான் படிப்பது ஃபார்மசி. ஐந்து மில்லிகிராமா ஐம்பதா, காலையில் கொடுத்தாயிற்றா இல்லையா என்று ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் வேலையே. நீ முழுதாகக் கத்தியதை நான் பாதியாகக் கேட்டிருக்கிறேன். அதையும் சத்தியம் பண்ணுகிற அளவுக்கு நம்பினேன். இப்படிப்பட்டவள் கையில் யாராவது மருந்தை நம்பி வாங்குவார்களா? கல்லூரியிலிருந்து விலக நிரப்பிக் கொடுக்க வேண்டிய பாரத்தைத் தனேஷை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். செப்டம்பர் 26 கடைசி நாள்.

தாமரை


கிள்ளான்
27 ஆகஸ்ட் 2025

தாமரை,

வேண்டாம். பாரத்தைத் தொடாதே.

ஒரு வார்த்தை ஞாபகத்தில் பிசகினால் மூன்று வருடப் படிப்பை யாராவது விடுவார்களா? பரீட்சைக்கு முன்னால் நான் படித்ததைவிட நீ சொல்லக் கேட்டு எழுதியதுதான் அதிகம் என்று நம் வகுப்புக்கே தெரியும். நானும் அதே மருந்துகளைத்தான் படிக்கிறேன், எனக்குப் பாதி நிற்பதில்லை. அடிபடாமலே நிற்பதில்லை. நான் விலகவா போகிறேன்?

ஒரு செமஸ்டர் தள்ளிப்போடு. விலகாதே. டாக்டர்கள் எதையாவது எழுதுவார்கள், அது அவர்கள் பழக்கம். அந்த ஒரு வரியை விட்டுவிடு. அதைப் பற்றி இனி யாரிடமும் பேசாதே, தாமரை. அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை.

பிராக்டிஸுக்கு நேரமாகிறது. பிறகு எழுதுகிறேன்.

நஸ்ரின்


பிரிக்பீல்ட்ஸ்
10 செப்டம்பர் 2025

நஸ்ரின்,

பிறகு எழுதுகிறேன் என்றாய். இரண்டு வாரம் ஆயிற்று. பரவாயில்லை.

பெரிய விஷயம் இல்லை என்று நீ எழுதியதைப் பற்றி யோசித்தேன். உனக்குப் பெரிதில்லாமல் இருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்று காலை நடந்ததில் எனக்கு ஞாபகம் இருப்பதையெல்லாம் நாளுக்குக் கொஞ்சமாகத் தாளில் எழுதினேன். உன் இடது கால் பேடின் வார் அறுந்து கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ஐஸை வழிக்கும் வண்டிக்கார அங்கிள் அன்று செருப்பு போட்டு வந்திருந்தார். கோச் மைலோ டின்னைத் திறக்கும்போது விரலைக் கிழித்துக்கொண்டார். முதல் பாதியில் நான் இரண்டு தடவை மூலையிலிருந்து பக்கை நிதானமாக எடுத்து வந்தேன், ஒரு தடவை சுவரோடு அடித்தேன். இப்படி இருபத்தாறு விஷயம். தனேஷ் அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, நம் குரல் கேட்காவிட்டாலும், ஆட்டம் முழுதும் பார்த்தவன். எழுதியதை அவனிடம் கொடுத்தேன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சரியாக இருக்கிறது என்றான். தெரியாததை மற்ற பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு வந்து அதுவும் சரி என்றான்.

இருபத்தைந்து சரி. இருபத்தாறாவது, அந்த “ஆள்” மட்டும் தவறு. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவாக ஞாபகம் இருப்பது அதுதான், நஸ்ரின். அதுவே தவறு என்றால் என் தெளிவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மங்கலாக இருப்பதைச் சந்தேகப்படலாம். இதை எப்படிச் சந்தேகப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 26ஆம் தேதி வெள்ளிக்கிழமை அப்பா லீவு எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போகிறார். நான் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நின்று தாள் நகராமல் பிடித்துக்கொண்டார்.

உன்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நீ சரியாகத்தான் கத்தினாய். நான்தான் கேட்கவில்லை. இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

தாமரை


கிள்ளான்
18 செப்டம்பர் 2025

தாமரை,

முதலில் இந்த வரியைப் படி. மற்றதைப் பிறகு படித்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி.

நான் “ஆள்” என்றுதான் கத்தினேன். அதற்குமேல் கத்தவில்லை. நீ கேட்டது சரி. இருபத்தாறும் சரி.

டைமர் மணி அடித்திருந்தால் இங்கே நிறுத்திக்கொள்.

அன்று நான் கோலை விட்டு வெளியே வந்திருந்தேன். அந்தப் பக்கை நானே நிறுத்துகிறேன் என்று பின்னால் போய், நிறுத்தத் தெரியாமல், என் மட்டையில் பட்டுத்தான் அது மூலைக்குப் போனது. கோல் காலியாகக் கிடந்தது. எட்டாம் நம்பர் உன் முதுகைப் பார்த்து வருவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. “ஆள்” என்று கத்திவிட்டேன். “இருக்கு” என்று சொன்னால் நீ பார்க்காமலே சுவரோடு அடிப்பாய். பக் கோலுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகும். அங்கே அவர்கள் ஆள் ஒருத்தி சும்மா நின்றுகொண்டிருந்தாள். நான் திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் அவள் போட்டுவிடுவாள். எனக்கு ஒரு நொடி வேண்டியிருந்தது. அதற்காக வாயை மூடிக்கொண்டேன். யோசித்து மூடினேன் என்று சொல்ல முடியவில்லை. தெரியாமல் மூடினேன் என்றால் அது இன்னொரு பொய்.

ஓடிப் போய்க் கோலுக்குள் முட்டி போட்டேன். அப்போதுதான் உன் ஹெல்மெட் சுவரில் பட்ட சத்தம் கேட்டது. நான் முதலில் பக் எங்கே என்று பார்த்தேன். உன்னை அப்புறம்தான் பார்த்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு கோச் என்னிடம், “குரல் கொடுத்தாயா?” என்று இங்கிலீஷில் கேட்டார். “யெஸ் கோச்” என்றேன். “என்ன சொன்னாய்?” என்றார். முழுதாகச் சொல்லிக் காட்டினேன், இங்கிலீஷில் அர்த்தமும் சொன்னேன். அவருக்குத்தான் தமிழ் தெரியாதே. டீமில் வேறு யாருக்கும் தெரியாதே. அதற்குப் பிறகு தனேஷ் அண்ணன் கேட்டார், அவரிடமும் அதையே சொன்னேன். அப்புறம் நீ கேட்டாய். நீ கேட்டபோது சொல்லியிருக்கலாம். தாளை எடுத்து இரண்டு தடவை எழுதினேன், தாமரை, இரண்டு தடவையும் கிழித்தேன். உன் மூளைக்கு அடிபட்டிருக்கிறது, நீ மறந்துவிடுவாய் என்று காத்திருந்தேன். அதுதான் நடந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “ஆள் இருக்கு” என்பதற்கு “மேன் ஆன்” என்று நாம் இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தால் முதல் சொல்லிலேயே உனக்குப் புரிந்திருக்கும், நீ சுவரில் ஒட்டியிருப்பாய். தமிழில் இருக்கு, இல்ல இரண்டும் கடைசியில் வருகிறது. அது வரும்வரை கேட்பவள் காத்திருக்க வேண்டும். நீ காத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ எப்போதும் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பவள்.

இன்று காலை கோச்சிடம் நான் முழுதாகக் கத்தவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர், “நீ யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளிடம் போய்ச் சொல்” என்றார். உன் டாக்டருக்கு இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அந்த வரியை அவர் அடித்துவிட வேண்டும். தபாலில் போட்டால் 26க்குள் வருமோ வராதோ. நாளைக் காலை ரயிலில் வந்து உன் அப்பா கையில் கொடுக்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதப் பார்த்தேன். எழுத எனக்கு யோக்கியதை இல்லை. பாரத்தை மட்டும் கொடுத்துவிடாதே.

நஸ்ரின்


பிரிக்பீல்ட்ஸ்
4 அக்டோபர் 2025

நஸ்ரின்,

இப்போது ஒரு நாளைக்கு அரை மணி நேரம் எழுதலாம். டைமரை அம்மா திரும்பச் சமையல்கட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நீ கொடுத்த தாளை டாக்டர் இரண்டு தடவை வாசித்தார். ஃபைலைத் திறந்து அந்த வரியின்மேல் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். “உங்கள் ஞாபகசக்தியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை” என்றார். தலைவலி இருக்கும், வெளிச்சம் கூசும், இன்னும் மாதக்கணக்கில் ஆகும். ஐஸுக்கு மறுபடி போக முடியாது. அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். பாரத்தைக் கிழித்துவிட்டேன். ஜனவரியில் வகுப்புக்குத் திரும்புகிறேன், உனக்கு ஒரு செமஸ்டர் பின்னால்.

அன்று நீ வந்தபோது நான் அறையில்தான் இருந்தேன். அப்பா உன்னிடம், “மேல வாம்மா, டீ குடிச்சிட்டுப் போ” என்றாராம். கவரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சொல்லியிருக்கிறார். நீ வராமல் போனது நல்லது.

ஐஸில் நடந்தது எனக்குப் பெரிதில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் நானும் கோலைத்தான் பார்த்திருப்பேன், சொல்ல முடியாது. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் பக்கத்தில் நின்று, “நான் முழுசா சொல்லலடி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வாந்தி எடுத்துக்கொண்டே உன்னைத் திட்டிவிட்டு அதோடு மறந்திருப்பேன். ஆனால் நான் அடுப்பைப் பார்க்க எழுந்து எழுந்து போனதை உனக்கு எழுதினேன். சாவியைப் பற்றி எழுதினேன். நீ சரியாகத்தான் கத்தினாய் என்றுகூட எழுதினேன். அதையெல்லாம் படித்த பிறகும் பத்து நாள், இருபது நாள் உன்னால் சும்மா இருக்க முடிந்திருக்கிறது. என் மூளை நன்றாக இருக்கிறது என்று இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நீ. அதை என்னால் தாண்டிப்போக முடியவில்லை. எப்போது முடியும் என்றும் தெரியவில்லை. நான் எழுதும்வரை நீ எழுதாதே, வராதே. கல்லூரியில் பார்த்தால் பேச வேண்டாம்.

ஒன்றை மறைத்தால் நானும் பொய் எழுதியவள் ஆவேன், அதனால் சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் மறுநாள்தான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். அடுப்படிக்குப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு, “என் மண்டை நல்லாத்தான்மா இருக்கு” என்று அழுதேன். அம்மாவும் அழுதார், ஆனால் அவருக்கு ஐஸைப் பற்றியும் தெரியாது, நாம் கத்துவதைப் பற்றியும் தெரியாது. சொன்னவுடன் புரிந்துகொள்கிற ஒருவரிடம் உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. அம்மாவின் போனை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்களை அழுத்தினேன். பத்து எண்ணும் ஞாபகத்திலிருந்தே வந்தன, ஒன்றுகூடப் பிசகவில்லை. மணி அடிப்பதற்குள் அது உன் எண் என்று உறைத்தது. வைத்துவிட்டேன்.

தாமரை